ஒரே அரவையில் எல்லார் மானும்

நவம்பர் கடைசியில் வெயில் அடித்தால் ஊரே மகிழும். மான் தலை அறுக்கிற எங்களுக்கு மட்டும் அது கெட்ட செய்தி. குளிர் இருந்தால் தலைகள் கல் மாதிரி வந்து சேரும். கை விறைக்கும், அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டால், சாலையோரத் தொட்டியின் மூடியைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். அந்த வாடை மூக்கோடு நிற்காது; நாக்கில் வந்து உட்காரும்.

என்னோடு வேலை பார்க்கும் ஆர்டிஸ் டோலஃப்சனுக்கு எல்லாம் ஒன்றுதான். கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் குனிவாள். "வாங்க டாக்டரே, விருந்து ரெடி" என்பாள்.

துப்பாக்கி வேட்டை தொடங்கியதும், கிக்கப்பூ ஆற்றுப் பக்கத்துக்காரர்கள் தாங்கள் சுட்ட மானின் தலையைக் கழுத்தோடு அறுத்து, காதில் எண் அட்டையைக் கட்டி, பையில் சுற்றி, வனவிலங்குத் துறை வைத்திருக்கும் தொட்டிகளில் போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை அள்ளி வந்து, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுத்து, மூளையை அரித்து மானை மெலியவைத்துக் கொல்லும் மெலிவு நோய் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புவது எங்கள் வேலை. பல் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் கணிப்போம். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மான் இருக்கிறது, இளம் ஆண் மான்கள் இடம் தேடிப் போகும்போது நோயை எவ்வளவு தூரம் சுமந்து போகின்றன என்பதெல்லாம் இந்தத் தலைகளிலிருந்துதான் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். மாநாடுகளில் நான் காட்டும் அழகான வண்ண வரைபடங்களுக்கு அடியில் இருப்பது இந்தச் சேறுதான்.

தொட்டிக்குள் தலைகள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. மூடி உள்ள எதைப் பார்த்தாலும் மனிதர்களுக்குக் குப்பைத் தொட்டி ஞாபகம்தான் வரும் போலிருக்கிறது. குழந்தை டயப்பர், பீர் டப்பா, பாதி தின்ற பீட்சா, ஒரு முறை நாற்றம் பீச்சும் ஸ்கங்க் ஒன்று, செத்து. தலைகளின் மேலே உண்ணிகள். மான் உடம்பு குளிர்ந்ததும் அவை கிளம்பி, சூடான வேறு உடம்பைத் தேடி வரிசையாகப் பையின் விளிம்புக்கு ஏறும். தொண்டையைக் கீறினால் சில மான்களில் ஈப்புழுக்கள், கட்டைவிரல் நுனி பருமனில், வெளிறிய நிறத்தில், உயிரோடு நெளிந்தபடி கத்திமேல் விழும். முதல் பருவத்தில் நான் தலை அறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவேன். ஆர்டிஸ் அந்தப் புழுவை இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போட்டபடி, "பாவம், அதுவும் பொழைக்கணுமே" என்பாள். பிறகு அதே மேசை ஓரத்தில் சீஸ் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுவாள்.

அவள் இங்கே வருவதற்கு முன் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் இருந்தாள். அது மூடியதும், வேறு யாரும் கேட்டு வராத இந்த வேலைக்குக் கேட்டு வந்தாள். கணவன் லைல் அதற்கு முன்பே இறந்துவிட்டான். ஒரே மகள் ஜனெல், பக்கத்து ஊரில் பல் மருத்துவரிடம் வேலை. பருவம் முழுக்க ஆர்டிஸின் தலைமுடியில் வாடை இருக்கும். முடி வெட்டுகிற பெண் ஜனவரிக்குப் பிறகு வரச் சொல்லிவிடுவாள். தேவாலயத்தில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு வரிசை காலியாக இருக்கும். "கால் நீட்டிக்க வசதி" என்பாள்.

ஆர்டிஸ் பிறந்த டோலஃப்சன் குடும்பத்துக்கு மலைமேல் ஒரு வேட்டை முகாம் இருக்கிறது. தகரக் கூரை, கரி அடுப்பு, எலிப்புழுக்கை. ஆர்டிஸின் அண்ணன் வெர்லின்தான் அங்கே தலைவன். துப்பாக்கி வேட்டை நடக்கும் மான் வாரத்தில் அண்ணன் தம்பிகளும் மச்சான்களும் மாமன் பிள்ளைகளும் அங்கே போய்த் தங்குவார்கள், குளிக்க மாட்டார்கள், பிராந்தி குடிப்பார்கள், சீட்டாடுவார்கள். ஆர்டிஸும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாளாவது போய்ச் சுட்டுவிட்டு வருவாள். அந்த முகாமுக்கு ஒரு வழக்கம். யார் எந்த மானைச் சுட்டாலும் தொடைக்கறியைத் தவிர மிச்சக் கறி அத்தனையும் ஒரே அரவைக்குப் போகும். கறிக்கடை புட்ச் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, பன்றிக்கொழுப்பும் மிளகும் கலந்து, குடலுறையில் அடைத்து, புகைபோட்டு சாசேஜ் செய்து கொடுப்பான். அதை வீட்டுக்கு ஒரு பங்காகச் சமமாகப் பிரிப்பார்கள். பெரிய கொம்பு மானைச் சுட்டவனுக்கும் ஒரே பங்கு, எதையும் சுடாமல் தூங்கினவனுக்கும் ஒரே பங்கு. எந்தத் துண்டு யாருடைய மான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அவர்களுக்குப் பெருமை.

நான் சொல்லும் ஆண்டில் வெர்லின் ஒரு பெரிய மானைச் சுட்டான். கோடை முழுவதும் மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்துகொண்டிருந்த மான் அது. இடது காது முள்வேலியில் கிழிந்து தகைவிலான் வால் மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். அதற்குக் கிழிகாதன் என்று பெயர் வைத்து, எரிபொருள் நிலையத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம் கைபேசியில் காட்டினான். எங்கள் கொட்டகைக்கும் வந்து காட்டினான்.

"பாத்துக்கோங்க டாக்டர். இது தலை வரும்போது மரியாதையா அறுக்கணும்."

"உன் தலை வந்தாத்தான் யோசிக்கணும்" என்றாள் ஆர்டிஸ். "உள்ள என்ன இருக்குதுன்னே தெரியாது."

கிழிகாதனின் கொம்பை அறுத்துச் சுவருக்கு எடுத்துக்கொண்டு தலையை மட்டும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான். அன்று குவிந்த தலைகளுக்கிடையே அது வேறொருவர் மேசைக்குப் போய்விட்டது. ஆர்டிஸ் பார்க்கவில்லை.

முடிவுகள் வந்தபின், நோய் உள்ள தலைகளைத் தனியே எடுத்து மூளைத் தண்டிலிருந்தும் ஒரு துண்டு எடுப்போம். நோய் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று அதில் தெரியும். எங்களிடம் இருப்பது எண் மட்டும். யாருடைய மான் என்பது அலுவலகத்துக்குத்தான் தெரியும். அங்கிருந்து வேட்டைக்காரனுக்குப் போன் போகும். கறியைத் தின்ன வேண்டாம் என்று சொல்வார்கள்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள். குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நோயுள்ள தலைகள் பாதி உருகி, தட்டுகளில் பழுப்பு நீர் தேங்கியிருந்தது. ஆர்டிஸ் ஒரு தலையைத் தூக்கிப் பிடரித் துளை வழியாக நீள்கரண்டியை விட்டுக் கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. அந்த மான் தலையைப் பக்கவாட்டில் திருப்பினாள். பிளந்த காது தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரே" என்றாள். "இது வெர்லினோடது."

நான் கிட்டே போனேன். மேல் மண்டையைக் கொம்போடு அறுத்து எடுத்திருந்ததால் உள்ளே கூழாகத் தெரிந்தது. கண் இரண்டும் சுருங்கி உள்ளே போயிருந்தன.

"சாசேஜ் போன வாரம்தான் பிரிச்சாங்க. ஜனெல் வீட்டுல இருக்கு. எல்லார் வீட்டுலயும் இருக்கு."

"அலுவலகத்துலேர்ந்து அவருக்குப் போன் போயிருக்குமே ஆர்டிஸ். அவரே சொல்லிடுவார்."

"போயிருக்கும்ல?"

"கட்டாயம் போயிருக்கும். நாம சொல்லக்கூடாது. சொன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

கடைசி வார்த்தையை நான் தேவைக்குமேல் வேகமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. பிறகு கரண்டியை உள்ளே திருப்பி, வேண்டிய துண்டை எடுத்துப் புட்டியில் போட்டாள்.

இந்த நோய் மனிதனுக்கு வந்ததாக இதுவரை யாரும் காட்டவில்லை. வரவே வராது என்றும் யாரும் காட்டவில்லை. வேகவைத்தாலும் புகைபோட்டாலும் போகாது என்பது மட்டும் தெரியும். ஜனெல் அப்போது கர்ப்பமாக இருந்தாள். அந்த சாசேஜ் இல்லாமல் அவளுக்குச் சாயங்காலம் எதுவும் இறங்காது.

ஆர்டிஸ் காத்திருந்தாள். அண்ணன் எல்லாருக்கும் போன் பண்ணுவான், திட்டிக்கொண்டே எல்லாரும் தூக்கிப் போடுவார்கள் என்று. யாருக்கும் போன் வரவில்லை. ஒரு நாள் கடையில் அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

"உன் மானுக்கு முடிவு வந்துச்சா?"

"வந்துச்சே. சுத்தம்."

"சுத்தமா?"

"பளிங்கு மாதிரி" என்று சொல்லிவிட்டு, அவள் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் அதை என்னிடம் சொல்லும்போது அவள் ரொட்டியைப் பிரிக்கவில்லை. மகளிடம் போய், கர்ப்பத்தில் உப்பு ஆகாது, அந்தச் சாசேஜைத் தொடாதே என்று மட்டும் சொல்லிப் பார்த்தாளாம். "நீ என்னை வயித்துல வெச்சிட்டு ஹெர்ரிங் மீனை ஜாடியோட தின்னியாமே, பாட்டி சொல்லிருக்கா" என்று ஜனெல் சிரித்துவிட்டாளாம்.

கிறிஸ்துமஸ் விருந்து வெர்லின் வீட்டில். தனியாளாக இருக்கிறேன் என்று ஆர்டிஸ் என்னையும் அழைத்திருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு வீடு நிறைந்திருந்தது. சுவரில் கிழிகாதனின் கொம்பு. அதன்மேல் யாரோ ஒரு சிவப்புத் தொப்பியை மாட்டியிருந்தார்கள். பன்றித்தொடை, உருளைக்கிழங்கு ரொட்டி, ஊறவைத்த ஹெர்ரிங். நடுவில் பெரிய பலகையில் சாசேஜ், வட்டம் வட்டமாக நறுக்கி, சீஸோடு அடுக்கி, கொழுப்பு மினுமினுக்க.

வெர்லின் பலகையைத் தூக்கிக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போனான்.

"முகாம் சரக்கு! எடுங்க, எடுங்க. புட்ச் இந்த வருஷம் மிளகு தூக்கலாப் போட்டிருக்கான்."

ஜனெல் இரண்டு எடுத்தாள். மச்சான் டுவேன் கையளவு அள்ளினான். என் முன்னால் பலகை வந்தபோது வேண்டாம் என்று கையை அசைத்தேன். "டாக்டருக்கு மான் முகத்தைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு" என்றான் வெர்லின். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐஸ் எடுக்கச் சமையலறைக்குப் போன ஆர்டிஸ் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு அசையாமல் சொன்னாள். "குப்பையில கடை சாசேஜ் உறை கிடக்குது. அவன் வீட்டுப் புள்ளைங்க தட்டைப் பாருங்க."

பார்த்தேன். வெர்லினின் பேத்தி ப்ரின்லி தட்டில் இருந்தது வேறு நிறம். மெல்லிய, சிவந்த, கடையில் வாங்கிய துண்டுகள். வெர்லின் தட்டிலும் மனைவி க்ளெண்டா தட்டிலும் சாசேஜே இல்லை.

அழுகல் எனக்குப் பழகிப்போன விஷயம்தான். அந்தச் சாப்பாட்டு மேசையில் எனக்குக் குமட்டியது போல் எந்தத் தொட்டிக்குப் பக்கத்திலும் குமட்டியதில்லை. தன் வீட்டுக்கு மட்டும் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு, தங்கை மகளின் வயிற்றுக்கு முன்னால் பலகையை நீட்டுகிறான். சிரித்துக்கொண்டு நீட்டுகிறான்.

"நீ எடுத்துக்கலையா வெர்லின்?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு ஆஸ்பத்திரி டாக்டர்."

"உப்பாம்!" என்றான் டுவேன். "ஹெர்ரிங் ஜாடியை வழிச்சு நக்கினது யாரு, உன் ஆவியா?"

மறுபடியும் சிரிப்பு. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. பலகையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பிஸ்கட்டின்மேல் வைத்தாள். எழுந்து மேசையைச் சுற்றிப் போய் ப்ரின்லியின் பக்கத்தில் குனிந்தாள்.

"இந்தாடி கண்ணு. தாத்தா சுட்ட மான். வாயைத் திற."

குழந்தை வாயைத் திறந்தது.

வெர்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து அவள் கையில் ஓங்கி அடித்தான். துண்டு பறந்து தரையில் விழுந்தது. நாய் அதை நக்கி விழுங்கியது. பிஸ்கட் ஹெர்ரிங் ஜாடியில் மிதந்தது.

ஜனெல் பாதி மென்றதை வாயிலேயே வைத்திருந்தாள்.

"சின்னக் குழந்தை" என்றான் வெர்லின். "தொண்டையில சிக்கிக்கும்."

"போன கிறிஸ்துமஸுக்கு நீதானே ஊட்டினே?"

"அது வேற..."

"என்ன வேற?"

அவன் மனைவியைப் பார்த்தான். க்ளெண்டா துடைக்கும் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "போன் வந்தப்பவே சொல்லிடுங்கன்னு சொன்னேன். கேக்கவே இல்ல. நான் சொன்னேன்."

ஜனெல் வாயிலிருந்ததைத் தட்டில் துப்பினாள். டுவேன் தன் கையில் இருந்ததைப் பார்த்தபடி, "எந்த மான்? கிழிகாதனா?" என்றான்.

"எத்தனையோ மான்ல ஒண்ணு" என்று வெர்லின் சத்தம் போட்டான். "கலந்தா ஆளுக்கு என்ன பெரிசா வந்திருக்கும், ஒரு விரற்கடை? இதுல யாராவது செத்திருக்கானா? என் ஒரு மானால எல்லார் கறியும் போச்சுன்னு சொல்லவா? சொன்னா சாகற வரைக்கும் அதையே பேசுவீங்களேடா!"

"அப்ப உன் பேத்திக்கு ஏன் கடைச் சரக்கு?" என்றாள் ஆர்டிஸ்.

அவனுக்குப் பதிலாக ஜனெல் பேசினாள், தன் அம்மாவைப் பார்த்து.

"உனக்குத் தெரியும்."

ஆர்டிஸ் நிமிர்ந்தாள்.

"நீ அங்கதானே வேலை பாக்கற. உப்பு ஆகாது, உப்பு ஆகாதுன்னியே. தெரிஞ்சுதான் சொல்லியிருக்க. நான் தின்னுட்டிருக்கும்போது பாத்துட்டு உக்காந்திருந்தியா?"

விதிப்படி ஆர்டிஸ் யாருடைய முடிவையும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நான் வண்டியை ஓட்டினேன். வழியில் கேட்டேன்: "அவர் தடுக்காம இருந்திருந்தா?"

"தட்டி விட்டிருப்பேன்."

"கட்டாயமா?"

"டாக்டரே, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

டோலஃப்சன்கள் தங்கள் பங்குகளை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்பது ஜனவரியில் பனி இளகியபோது தெரிந்தது. பருவம் முடிந்து நாங்கள் பூட்டாமல் விட்டிருந்த தலைத் தொட்டியில்தான். தொட்டி விளிம்பு வரை சாசேஜ். பனி உருகியதும் உறை வெடித்து, கொழுப்பு வழிந்து, ரக்கூன்கள் இழுத்துச் சாலை முழுக்கப் பரப்பியிருந்தன. காகங்கள் மொய்த்திருந்தன. நோய் பரவக் கூடாது என்பதற்காக வைத்த தொட்டியிலிருந்து நோய் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியால் சுரண்டி அள்ளினோம். எனக்குப் பழைய வாந்தி திரும்ப வந்தது. ஆர்டிஸ் தண்ணீர்க் குவளையை நீட்டினாள். பழைய கிண்டல் ஒன்றையாவது சொல்ல மாட்டாளா என்று இருந்தது எனக்கு.

கோடையில் ஜனெலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. ஆர்டிஸை வீட்டுக்குள் விட்டார்கள். விருந்துகளுக்கு மட்டும் அழைக்கவில்லை. வெர்லினை எல்லோரும் அழைத்தார்கள். அவன் தடுமாறிவிட்டான், அவ்வளவுதான். குழந்தையை வைத்து நாடகம் ஆடினவள் அவள். ஊரில் அப்படித்தான் பேச்சு. எரிபொருள் நிலையத்தில் என் காதுபடவே சொன்னார்கள்.

அடுத்த நவம்பரில் டோலஃப்சன் முகாமிலிருந்து தொட்டிக்கு ஒரு தலையும் வரவில்லை. என் வரைபடத்தில் அந்த மலை வெறும் வெள்ளையாக இருந்தது; நோய் இல்லாததால் அல்ல. ஆர்டிஸ் எரிபொருள் நிலையத்தில் வெர்லினின் வண்டியைப் பார்த்தாள். பின்பக்கம் நிறைய மான்கள், தலையோடு.

"இந்த வருஷம் எல்லாம் ஆரோக்கியமான மான், ஆர்டி."

"யாரு பாத்தா?"

"பாத்தாலே தெரியுதே."

"நான் இங்கயே எடுத்துத் தர்றேன். கத்தி வண்டியில இருக்கு. ஒரு தலைக்கு ஒரு நிமிஷம்."

"போயி உன் புழுக்களை எண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். கூட உட்கார்ந்திருந்தவர்கள் கையசைத்தார்கள். தெரியாதவளுக்கு அசைக்கிற மாதிரி.

புட்ச் அரைத்தான். பங்கு பிரித்தார்கள்.

பேரனைப் பார்க்கப் போன ஆர்டிஸ், பாலை எடுக்க ஜனெலின் ஃப்ரீசரைத் திறந்தாள். குழந்தைக்கு எடுத்து வைத்திருந்த தாய்ப்பால் பைகளுக்குப் பக்கத்தில் டோலஃப்சன் முகாம் சாசேஜ், புட்ச் கட்டிய வெள்ளைக் காகிதத்தில்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"மாமாவே கொண்டுவந்து குடுத்தாரும்மா. வேணாம்னா எப்படி? வருத்தப்படுவாருல்ல."

"சோதிச்சாங்களா?"

"யாரும் சோதிக்கறதில்லையாம் இப்ப. இந்தப் பிரச்சினையே வேணாம்னு."

ஆர்டிஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குப்பையில் போட்டு மூடிவிட்டு வந்தாள். கை கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு திறந்தது. ஜனெல் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். ஒட்டியிருந்த காப்பித்தூளையும் டயப்பர் பஞ்சையும் குழாயில் கழுவினாள். துண்டால் ஒற்றினாள். மறுபடியும் ஃப்ரீசரில், பாலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

இதை ஆர்டிஸ் என்னிடம் கொட்டகையில் சொன்னாள், ஒரு தலையின் தாடையைத் திறந்துகொண்டே. வாய்க்குள் பச்சையாக, மென்று முடிக்காத புல் இருந்தது.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்னத்தைச் செய்ய? குழந்தையைக் கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன்."

புல்லை விரலால் வழித்துத் தரையில் உதறினாள். மகள் வீட்டுக்கு இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறாள். அங்கே கருங்காப்பியைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை.